மாமனார் போன ஊரெல்லாம்

ஐந்து ஊர்களின் சந்தையை இழுத்து மூடவைத்த வைரஸ் என் மாமனாரின் வயிற்றுக்குள் இருந்தது. மூடச் சொல்லி உத்தரவு போட்டவரும் அவர்தான். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல எத்தனையோ பேர் இருக்க, அந்த வேலை மருமகளான என் தலையில் வந்து விடிந்தது. நான் மென்று முழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அவருடைய பதவிக்கும் மானத்துக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. ஆள்தான் போயிருப்பார்.

என் பிழைப்பு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சாக்கடைத் தண்ணீரைப் படிக்கிறவள். ஊர் ஊராகச் சாக்கடையிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து, அதில் மிதக்கும் வைரஸ்களின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, எந்த ஊர் வைரஸ் எந்த ஊர் வைரஸுக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. வைரஸ் தன்னைத்தானே நகல் எடுத்துத்தான் பெருகும். நகல் எடுக்கும்போது அங்கங்கே தப்பு விடும். அந்தத் தப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கு யார் அப்பன், யாருக்கு யார் ஒன்றுவிட்ட சித்தப்பா என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். டாக்டரிடம் போகிறவன் ஆயிரம் பொய் சொல்லலாம். கழிப்பறைக்குப் போகிறவனால் ஒன்றும் மறைக்க முடியாது.

என் மாமனார் சுகாதாரத் துறையின் வட்டார இயக்குநர். எங்கள் ஆய்வகம் அவருக்குக் கீழே. அவர் சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் வேலைதான் முதலில் வந்தது. இயக்குநரின் மகன் எங்களுக்கு, தண்ணீர் மாதிரிகளை உறையவைக்கும் உறைபெட்டி விற்க வந்தார். உறைபெட்டி சரியில்லை என்று திருப்பி அனுப்பினோம். அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இதனால் மாமனாருக்கு ஒரு சங்கடம். சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஆபீஸில் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் அறிக்கையைக் கிழி கிழி என்று கிழிப்பார். சாயங்காலம் அதே ஆள் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து, அந்த உப்பை எடும்மா என்பார். நானும் ஆபீஸில் சார், வீட்டில் மாமா என்று இரட்டை வாழ்க்கை வாழப் பழகிவிட்டேன்.

வீட்டில் உப்பு கேட்கக் காரணம் இருந்தது. போன வருஷம் வீட்டில் எல்லோருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊரையே சுற்றிப்போகும் சாதாரண வைரஸ்தான். எங்களுக்கு இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. மாமனாருக்கு மட்டும் வயிறு அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. அவர் பழியை நேராகத் தூக்கி அத்தையின் சமையல்மேல் போட்டார். அத்தை, அதாவது என் மாமியார், ரோஷக்காரி. முதலில் காரத்தை நிறுத்தினார், பிறகு எண்ணெயை, பிறகு உப்பை. கடைசியில் வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டோம். மாமனார் இளைத்துக்கொண்டே போனார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு, உடம்பு இறங்கியதில் பத்து வயசு குறைந்துவிட்டதாகப் பெருமை வேறு பேசினார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ச் சாக்கடையில் ஒரு விசித்திரமான வைரஸைப் பார்த்தோம். அதே வயிற்றுப்போக்கு வைரஸின் வம்சம்தான். ஆனால் உலகத்தில் யாரும் எழுதி வைக்காத தப்புகளெல்லாம் அதில் இருந்தன. அதன் அதிகாரபூர்வமான பெயர் எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக ஒரு முழம் நீளும். கொஞ்ச நாளில் அது பக்கத்து ஊர்த் தண்ணீரிலும் தென்பட்டது. நாங்கள் அதற்கு 'ஊர்சுற்றி' என்று பெயர் வைத்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் ஒருத்தி. தண்ணீர் எடுத்து வருகிற மூக்கு இன்னொருவர். சாக்கடை மூடியைத் திறந்து பதினைந்து வருஷமானதில் எந்த வாசனையும் அவருக்கு ஏறாது, அதனால் அந்தப் பெயர். மூன்றாவது, வந்த எழுத்துகளைக் கணினியில் போட்டு வம்ச மரம் வரைகிற கொட்டாவி. வேலையில் புலி. ஆனால் எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தாலும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வார்.

ஊர்சுற்றி இரண்டாவது ஊருக்குப் போய்விட்டது என்றதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லாத மனிதருக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எதிரி கிடைத்தான். அடுத்தது மேற்கேதான் போகும் என்று கணித்து, மேற்கே இருந்த ஊருக்கு ஓடிப்போய், அங்கேயே தங்கி, அதிகாரிகளைக் கூட்டிவைத்து எச்சரித்தார். அந்த வாரமே அந்த ஊர்த் தண்ணீரில் ஊர்சுற்றி வந்தது. அடுத்து தெற்கே என்றார். போனார், தங்கினார், எச்சரித்தார். தெற்கேயும் வந்தது. ஐந்தாவது ஊரிலும் இதே கதைதான். பத்திரிகைகள் அவரைத் தீர்க்கதரிசி என்று எழுதின. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. காக்கையே பழத்தைக் கொத்திக் கொத்திக் கீழே போடுகிறது என்று எனக்கும் தோன்றவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஐந்து ஊர் ஆஸ்பத்திரியிலும் ஆள் இல்லை. வாந்தி என்றும் பேதி என்றும் ஒருவரும் வரவில்லை. நான் இதைக் கூட்டத்தில் கேட்டேன். மாமனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் அமைதியான பரவல், மேடம், என்றார். மறுநாள் பத்திரிகையில் அமைதியான பரவல் கொட்டை எழுத்தில் வந்தது. சந்தைகளை மூடினார்கள். ஊர்களுக்கு இடையே ஓடும் பஸ்களைக் குறைத்தார்கள். தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளைத் துணியால் மூடி முடிச்சுப் போட்டார்கள். நோயால் ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை, பிழைப்பு போனதில் எல்லோருக்கும் வலித்தது.

கொட்டாவி ஒரு நாள் மரத்தைக் கணினித் திரையில் போட்டுக் காட்டினார். பரவுகிற நோயின் மரம் புதர் மாதிரி இருக்கும். ஒருவரிடமிருந்து மூன்று பேர், மூன்று பேரிடமிருந்து பத்துப் பேர் என்று கண்டபடி கிளைத்துப் போகும். ஊர்சுற்றியின் மரம் தென்னை மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. இரண்டாவது ஊரில் கிடைத்தது முதல் ஊரில் கிடைத்ததன் பிள்ளை. மூன்றாவது ஊரில் கிடைத்தது அந்தப் பிள்ளையின் பிள்ளை. ஐந்து தலைமுறைக்கும் ஒரு பக்கக் கிளை கிடையாது, ஒரு பங்காளி கிடையாது.

கொட்டாவி விட்டு முடித்து வாயை மூடிவிட்டுச் சொன்னார்: "இது ஊர் ஊரா பரவலைங்க. ஒரே வயித்துக்குள்ள வளர்ந்துக்கிட்டே ஊர் ஊரா போயிருக்கு."

எங்கள் ஆய்வகத்துக்கு அவ்வப்போது வந்து போகிற ரத்த நோய் டாக்டரம்மாவுக்கு உடனே போன் போட்டேன். அவர் நான் பயந்ததையே சொன்னார். நல்ல உடம்பு இந்த வைரஸைச் சில நாளில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். மாதக்கணக்கில் உள்ளே வைத்துச் சோறு போடுகிற உடம்பு என்றால், அந்த உடம்பில் காவல் என்று ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ரத்தத்திலோ எலும்புக்குள்ளோ வேறு பெரிய நோய் ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சீக்கிரம் பிடித்தால் வைத்தியம் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்து வருகிற சாதாரண சளிக் காய்ச்சலே போதும், ஆளைக் கொண்டுபோய்விடும். போனை வைத்தபோது எனக்குப் பரவல், வட்டாரம், மரம் எல்லாம் மறந்துவிட்டது. எங்கேயோ ஒரு மனுஷர் சாகப்போகிறார், அவருக்கே அது தெரியாது என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

ஐந்து ஊருக்கும் போய் வருகிற அந்த ஆள் யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். லாரி டிரைவர் என்றேன் நான். மாட்டு வியாபாரி என்றார் கொட்டாவி. ஐந்து ஊரில் ஐந்து குடும்பம் வைத்திருக்கிற எவனோ ஒருவன் என்றார் மூக்கு. அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

கடைசியாக ஊர்சுற்றி தென்பட்ட ஐந்தாவது ஊருக்கு மூக்கும் நானும் வண்டியில் போனோம். சாக்கடையைத் தேடுவது ஆற்றின் ஊற்றைத் தேடுவது போலத்தான், என்ன, பாடல் பாட முடியாது. பெரிய குழாயில் ஆரம்பித்து, இரண்டாகப் பிரியும் இடத்தில் மூடியைத் திறந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் எடுத்து, வண்டியிலேயே ஒரு அவசரச் சோதனை போட்டு, வைரஸ் இருக்கிற பக்கமாக மேலே ஏற வேண்டும். சந்தைப் பக்கம் சுத்தம். பஸ் நிலையம் சுத்தம். லாரிக்காரர்கள் தங்கும் தெரு அத்தனை அழுக்கிலும் சுத்தம். கடைசியில் மரங்கள் அடர்ந்த ஒரு நல்ல தெருவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு சுவர் ஓரமாக இருந்த மூடியைத் திறந்து எடுத்த தண்ணீரில் சோதனைப் பட்டை பளிச்சென்று நிறம் மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அரசு விருந்தினர் விடுதி.

விடுதிக் காவல்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குப் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம். சந்தையை மூடியதிலிருந்து விடுதிக்கு ஒருவரும் வருவதில்லை என்று புலம்பினார். பெரியவர் ஒருத்தர்தான் வந்து தங்கிவிட்டுப் போனாராம். எந்தப் பெரியவர் என்று கேட்டேன்.

"உங்க பெரியவர்தாங்க. இயக்குநர் ஐயா. பாவம், பாத்ரூமுக்கும் ரூமுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாரு."

மூக்கு என்னைப் பார்க்காமல் அந்த மூடியை எடுத்து, பச்சைக் குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி மெதுவாக வைத்து மூடினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து உப்பு கேட்ட மனுஷரைத் தேடி ஐந்து ஊர்ச் சாக்கடையைக் கிண்டியிருக்கிறேன். வைரஸ் தேடுகிறவளுக்குப் பெல்ட் ஓட்டை கண்ணில் படவில்லை. என்மேலேயே எனக்கு வந்த கோபத்தில் டீயைக் கீழே கொட்டிவிட்டேன்.

அந்தத் தண்ணீரையும் முழுதாகப் படித்துப் பார்த்தோம். தென்னையின் உச்சியில் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. இனிச் சந்தேகம் இல்லை. பூனைக்கு மணி கட்ட வேண்டும். முதலில் என் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு, "நீயே சொல்லிடு. நான் சொன்னா உறைபெட்டி விக்கறவனுக்கு என்ன தெரியும்னு கேப்பார்" என்றார். அதுவும் வாஸ்தவம்தான்.

வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. மாமனாரின் குடலைப் பற்றிப் பேச எந்த மருமகளுக்கு வாய் வரும்? ஆபீஸில் அந்தக் கூச்சம் இல்லை. அங்கே நாங்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அதனால் மறுநாள் மரத்தை அச்செடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் ஆறாவது ஊருக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தார். வட்டாரத்திலேயே பெரிய ஊர் அது. போய்ப் பத்து நாள் தங்கப்போவதாகச் சொன்னார்.

நான் காகிதத்தை மேஜையில் விரித்தேன். மாமனாரைப் பற்றி எவ்வளவு கிண்டல் செய்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வேலையில் அவர் மக்கு இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அடியிலிருந்து நுனி வரை விரலை ஓட்டினார். அவர் முகம் மாறியது.

"இது பரவலே இல்லையே, மேடம். இது ஒரே ஆளு."

"ஆமா சார்."

"இத்தனை மாசமாவா? அந்த ஆளோட உடம்பு என்னத்துக்கு ஆகும்? உடனே பிடிங்க. வேலைக்குப் போறேன், அங்க போறேன், இங்க போறேன்னு சொன்னா விடாதீங்க. குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில போடுங்க. பாவம், வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

ஆரம்பித்ததை முடிக்க வேண்டும். ஐந்தாவது ஊரில் மூடி மூடியாகத் திறந்துகொண்டு போன கதையைச் சொன்னேன். சந்தை சுத்தம், பஸ் நிலையம் சுத்தம் என்று சொல்லச் சொல்ல அவர் ஆர்வமாகத் தலையாட்டினார். விருந்தினர் விடுதியில் போய் முடிந்தது என்றேன். தலையாட்டல் நின்றது.

"எந்த அறையிலேர்ந்து?" என்றார்.

"அது தெரியலை சார். நீங்க எந்த அறையில தங்கினீங்க?"

அவர் காகிதத்தை மடித்தார், மறுபடியும் விரித்தார். பிறகு கோபம் வந்தது. சோதனையில் தப்பு என்றார். மூக்கு கை கழுவியிருக்க மாட்டான் என்றார். கொட்டாவி தூக்கத்தில் வரைந்த மரம் என்றார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இந்த விஷயம் வெளியே போனால் ஊர் சிரிக்கும் என்றார். அதை மட்டும் நான் மறுக்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால்கூட ஊர் கோபப்படும். இங்கே மேய்வது தான்தான் என்று தெரியாமல் வேலியே ஊரெல்லாம் காவல் போட்டிருக்கிறது. என்னைப் போகச் சொன்னார். கதவருகில் திரும்பி, டாக்டரம்மா நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார் மாமா என்றேன். ஆபீஸில் நான் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்தால் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஆறாவது ஊருக்குக் காலையில் கிளம்புகிறாராம். கணவர் என்னைப் பார்த்தார், நான் கணவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை கையில் இருந்த கரண்டியை வைத்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை, வெற்றி. நேராகக் கூடத்துக்குப் போனார், கட்டி வைத்திருந்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். அத்தை கொஞ்சம் கனத்த சரீரம். பெட்டி முனகியது.

"ஒரு வருஷமா என் சமையல் என் சமையல்னு வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்களே" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சண்டையை நடத்த அவரால் முடியவில்லை. குரல் உடைந்துவிட்டது. "இனிமேயும் சொல்லுங்க. ஆயுசுக்கும் சொல்லிட்டே இருங்க. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சொல்லுங்க."

மாமனார் பெட்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். இயக்குநராக இருந்து அவர் போடாத உத்தரவு இல்லை, ஆனால் அந்தப் பெட்டியின் மேலிருந்து யாரையும் எழுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பல மாதமாக அவர் இப்படி ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டைக்குள் ஆள் தேடும்படி இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

காலையில் அவர் ஆறாவது ஊருக்குப் போகவில்லை. பத்திரிகைக்காரர்களை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, மூடி இறுக்கிய ஒரு சின்ன டப்பாவை மூக்கின் கையில் கொடுத்தார். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, நேரடியாக மூலத்திலிருந்தே எடுத்திருக்கிறேன், இனிமேல் யாரும் மூடி திறக்க வேண்டாம் என்றார். மூக்கு அந்த டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பத்திரிகைக்காரர்கள் முன்னால் என்ன சொல்வாரோ என்று நான் பின்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்தான். நோயை ஒழித்துவிட்டோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு எழுந்திருந்தால் மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். அவர் தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார்.

"எந்த ஊர்லயும் நோய் பரவலை. நான்தான் ஊர் ஊரா பரவினேன்."

ஒருவருக்கும் புரியவில்லை. அவர் தென்னை மரத்தைக் காட்டி, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலப் பொறுமையாக விளக்கினார். விருந்தினர் விடுதி வந்ததும் முன்வரிசையில் ஒருவன் பொத்துக்கொண்டு சிரித்தான். பிறகு அறையே சிரித்தது. கேமராவைப் பிடித்தவன் குலுங்கியதில் படமும் குலுங்கியது என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். மாமனார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். இன்றைக்கே சந்தைகளைத் திறக்கலாம், கடைகளை மூடிய துணியை அவிழ்க்கலாம், கஷ்டப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் ஏறினார். அவரை எத்தனையோ தடவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது.

டாக்டரம்மா பயந்தபடியேதான் இருந்தது. எலும்பு மஜ்ஜையில் நோய். ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் சத்து அநேகமாக வற்றிப்போயிருந்தது. ஊசியும் மாத்திரையும் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தும் ஆரம்பித்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். டாக்டர்கள் பார்க்கலாம் என்று சொல்வதைப் போல வயிற்றைக் கலக்குகிற வார்த்தை வேறு இல்லை. அத்தை மட்டும் கூட இருக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் யாரும் வரக் கூடாது. முக்கியமாக நான் வரவே கூடாது. சாக்கடையில் கை விடுகிறவளை, எதிர்ப்புச் சக்தி இல்லாத நோயாளியின் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி விடும்?

ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் சாக்கடையும் எங்கள் வட்டாரத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் மூக்கு அங்கிருந்து தண்ணீர் கொண்டுவருவார். அதில் ஊர்சுற்றி இருக்கும். கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் இருக்கும். திரையில் அதன் கோடு எழும்பும்போது எனக்கு மூச்சு வரும். மாமா இருக்கிறார், சாப்பிடுகிறார், கழிப்பறைக்கு நடந்து போகிறார். அத்தையின் போனை விட எனக்கு அந்தக் கோட்டின் மேல்தான் நம்பிக்கை. அத்தை எல்லாம் நல்லபடியா இருக்கு என்பார். சாக்கடைக்கு அப்படிச் சமாதானம் சொல்லத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை கோடு எழும்பவே இல்லை. மறுபடியும் ஓட்டினோம். சுத்தம். கொட்டாவி அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை, எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்து அறையிலிருந்தவர்களும் வந்து தட்டினார்கள். ஊர்சுற்றி ஒழிந்தது என்று மேலிடத்துக்குச் செய்தி போனது. மேலிடத்திலிருந்து வாழ்த்து வந்தது. நான் மட்டும் கை தட்டவில்லை. மருந்து வேலை செய்தால் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும். போன வாரம் இருந்தது இந்த வாரம் ஒரேயடியாக நின்றுவிட்டது என்றால், அதற்கு எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. அத்தைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கணவருக்குப் போட்டேன், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

வார்டு வாசலில் காவலாளி தடுத்தார். நான் அங்கிருந்தே அத்தை அத்தை என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முடி கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

"என்னடி இப்படி மூச்சிரைக்க வந்திருக்க?" என்றார்.

"மாமா..." என்றேன்.

"அவருக்கென்ன. புது மாத்திரை வயித்தைக் கட்டிப்போட்டுடுச்சு. நாலு நாளா வெளியவே போகலை. என்னைத் தூங்க விடாம டாக்டரைத் திட்டிட்டே இருக்கார்."

நான் அப்படியே ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அழுதேன். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. மலச்சிக்கலுக்கெல்லாமா அழுவாங்க என்று கேட்டுக்கொண்டே என் தலையைத் தடவிக்கொடுத்தார். காவலாளி எங்கோ பார்ப்பது போல நின்றார். உள்ளே இருந்து மாமனார் யாரையோ அதட்டும் குரல் கேட்டது. அவ்வளவு பலவீனமான, அவ்வளவு நல்ல குரலை நான் கேட்டதே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தண்ணீரில் ஊர்சுற்றி திரும்பி வந்தது, முன்னைவிட நன்றாக மெலிந்து. ஆய்வகத்தில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்று கை தட்டினேன்.